நதிமூலம், ரிஷிமூலம், ஒரு கடத்தல்காரன் மூலம்

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்ல நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆனால் கடத்தல்காரனின் மூலத்தைப் பார்க்கலாமா, கூடாதா என்பதை எந்தப் பெரியவரும் நமக்குச் சொல்லிவைக்கவில்லை. அந்த ஒரு குறையால் இவ்வாண்டு எங்கள் ஏழு பேருக்குள் ஒரு பெரிய சச்சரவு மூண்டது. அது மூண்ட விதத்தையும் அடங்கிய விதத்தையும் ஒளிக்காமல் எழுதுவதாகத் தீர்மானித்திருக்கிறோம். எங்களுள் யாரைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறதோ அவளிடம் அனுமதி கேட்டுவிட்டே எழுதுகிறோம்.

முதலில் அந்தக் கடத்தல்காரனை அறிமுகம் செய்துவிடுகிறோம். பெயர் ஹான் ஸோலோ. 1977ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தில் நடுவழியில் வந்து சேருபவன். பாலைவன ஊர் ஒன்றின் மதுக்கடையில் உட்கார்ந்திருப்பான். கடன் கழுத்தை நெரிக்கும், வாய் மட்டும் ஓயாது. ‘மில்லேனியம் ஃபால்கன்’ என்ற ஓட்டை விண்கலமும், ‘வூக்கி’ இனத்தைச் சேர்ந்த, உடலெல்லாம் மயிர் அடர்ந்த சூபாக்கா என்ற நண்பனுமே அவனுடைய சொத்து. காசு கொடுத்தால்தான் வருவேன் என்பவன், கடைசியில் காசை ஒதுக்கிவிட்டு நண்பர்களைக் காக்கத் திரும்பி வருகிறான். ஹாரிஸன் ஃபோர்டு நடித்த அந்தப் பாத்திரம் 1980இலும் 1983இலும் வந்த அடுத்த இரு படங்களிலும் தொடர்ந்தது. நல்லவர்களை மதிக்கிறோம், ஆனால் கெட்டவனாக நடிக்கும் நல்லவனிடம் மனம் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் மனம் அப்படித்தான் ஒட்டியது. எங்கள் மனமும் ஒட்டியது.

இவன் எந்த ஊர்? தாய் தந்தை யார்? சூபாக்கா உறுமுவதெல்லாம் இவனுக்கு மட்டும் எப்படிப் புரிகிறது? அந்த மூன்று படங்களும் இவற்றுக்கு விடை சொல்லவில்லை. அந்த விடைகளைச் சொல்ல எழுந்த நூல்தான் எங்கள் சச்சரவுக்குக் காரணம்.

எங்களுள் ஒருத்தியின் சித்தப்பா கல்லூரி நாட்களில் வாங்கிச் சேர்த்த ஆங்கிலப் புத்தகங்கள் ஓர் அட்டைப் பெட்டியில் பரண்மேல் கிடந்தன. ஜூலை மாதத்தில் பரணைச் சுத்தம் செய்தபோது அவற்றுள் மூன்று எங்கள் கைக்கு வந்தன. ஏ. சி. கிரிஸ்பின் என்ற அமெரிக்கப் பெண் எழுத்தாளர் எழுதியவை. ‘தி பாரடைஸ் ஸ்நேர்’, ‘தி ஹட் கேம்பிட்’ ஆகிய இரண்டும் 1997இல் வெளியானவை. மூன்றாவதாகிய ‘ரெபெல் டான்’ 1998இல் வெளியானது. மூன்றும் சேர்ந்து, மதுக்கடையில் நாம் முதன்முதலாகப் பார்ப்பதற்கு முந்தைய பத்தாண்டு கால ஹான் ஸோலோவின் வாழ்க்கையைச் சொல்கின்றன. படம் தொடங்கும் இடத்தில் நாவல் முடிகிறது.

மதிய உணவு இடைவேளையில் வேப்பமரத்தடியில் படிப்பது என்று ஏற்பாடு. ஒருத்தி ஆங்கிலத்தில் உரக்கப் படிப்பாள். அடுத்தவள் பொருள் சொல்லுவாள். இன்னொருத்தி மடியில் அகராதி இருக்கும். மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்போம். எங்கள் ஏழாவது தோழி ஜூன் மாதம்தான் எங்கள் வகுப்பில் சேர்ந்தவள். விடுதியில் தங்கிப் படிப்பவள். அவள் படிக்கவும் மாட்டாள், பொருள் சொல்லவும் மாட்டாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கேரிஸ் ஷ்ரைக் என்பவன் ‘டிரேடர்ஸ் லக்’ என்ற பழைய விண்கலத்தில் ஆதரவற்ற பிள்ளைகளைச் சேர்த்துவைத்துப் பிச்சை எடுக்கவும், திருடவும், ஆளை ஏமாற்றவும் பழக்குகிறான். ஹான் அப்படி வளர்ந்தவன். அந்தக் கலத்தின் சமையல்காரி டூலானா, வயது முதிர்ந்த வூக்கிப் பெண். அடி வாங்கி வரும் சிறுவனை அணைத்துக்கொள்ள அந்தக் கலத்தில் அவளைத் தவிர வேறு ஆள் இல்லை. அவனுக்கு ஸோலோ என்ற குடும்பப் பெயர் உண்டு என்று சொன்னவளும் அவளே. பத்தொன்பது வயதில் அவன் தப்பியோட முனைகிற இரவில், அவனுக்கு உதவப் போய் அவள் சுடப்பட்டு இறக்கிறாள். இறந்தவளுக்காக நின்று அழக்கூட அவனுக்கு நேரமில்லை.

ஆளில்லாத சரக்குக் கலம் ஒன்றில் ஒளிந்து அவன் யிலீஸியா என்னும் கோளுக்குப் போகிறான். விக் டிரேகோ என்று பொய்ப் பெயர் சொல்லி விமானி வேலையில் சேர்கிறான். அங்கே பரவசம் தருகிறோம் என்று சொல்லிப் பல கோள்களிலிருந்தும் யாத்திரிகர்களை வரவழைக்கிறார்கள். மாலைதோறும் போலிக் குருக்கள் தங்கள் இனத்துக்கு இயல்பாக உள்ள ஒரு சக்தியால் கூட்டத்தை இன்பத்தில் ஆழ்த்துகிறார்கள். அந்தப் பரவசத்துக்கு அடிமையானவர்கள் பகலெல்லாம் போதைச் சரக்கு ஆலைகளில் கூலியின்றி உழைக்கிறார்கள். அவர்களுள் ஒருத்தி பிரியா தாரென். (பெயரைப் பார்த்ததும் நாங்கள் நம் ஊர்ப் பிரியா என்றே உச்சரித்துவிட்டோம், கடைசிவரை அப்படியே நிலைத்துவிட்டது.) ஹான் அவளை மீட்கிறான், காதலிக்கிறான். ஆனால் அந்தப் பரவசத்தின் பிடி அவளை விடவில்லை. தன்னால் அவன் வாழ்வு கெடுமென்று அஞ்சிக் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் பிரிந்துபோகிறாள். அவன் தனியனாகப் பேரரசின் விமானப் பயிற்சிக் கழகத்தில் சேர்கிறான். முதல் நூல் இவ்வளவே.

இனி எங்கள் கருத்துகள். ஏழு பேருக்கு எட்டுக் கருத்து என்று சொல்லும்படி இருந்தது எங்கள் நிலைமை.

முதலாமவள் சொன்னாள்: “மதுக்கடையில் இருந்தவனைத்தான் எனக்குப் பிடித்தது. அவன் எங்கிருந்து வந்தான் என்று தெரியாததுதான் அழகு. வித்தைக்காரன் கைக்குட்டையை விரித்துக் காட்டிவிட்டால் அப்புறம் வித்தை எங்கே?” இவளுக்கு ஒரு வலுவான ஆதாரமும் கிடைத்தது. பிரயன் டேலி என்பவர் 1979, 1980 ஆண்டுகளிலேயே ஹான் ஸோலோவைப் பற்றி மூன்று நாவல்கள் எழுதியிருக்கிறார். அவையும் படத்துக்கு முந்தைய சாகசங்களே. ஆனால் அவனுடைய பிள்ளைப் பருவத்தை அவை கிளறவில்லை. அதைத் தொடாமலே நல்ல கதை சொல்ல முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று அவள் கேட்டாள்.

இரண்டாமவள், ஆபத்து என்று ஆசிரியர் எழுதும் இடத்திலெல்லாம் தனக்குக் கொட்டாவி வருகிறது என்றாள். பின்னாளில் இவன் உயிரோடு மதுக்கடைக்கு வந்தே தீர வேண்டும். அப்படியிருக்க எவன் சுட்டால் என்ன? இதற்கு எங்களுள் ஒருத்தி, “கோவலன் மதுரைக்குப் போனால் என்ன ஆகும் என்று தெரிந்துதானே தமிழ்ப் பாடவேளையில் மூக்கைச் சிந்தினாய்?” என்று கேட்டு அவளை அடக்கினாள். ஹானுக்கு என்ன ஆகும் என்பது தெரியும். ஆனால் டூலானாவுக்கு, பிரியாவுக்கு என்ன ஆகும் என்று தெரியாது. முன்கதையில் அபாயமெல்லாம் பின்கதையில் பெயர் இல்லாதவர்களுக்குத்தான். இதைக் கண்டுபிடித்ததில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை.

மூன்றாமவள் கணக்கில் புலி. கெஸ்ஸல் என்ற இடத்திலிருந்து சரக்குக் கடத்தும் ஓட்டத்தைப் பன்னிரண்டு பார்செக்குக்கும் குறைவாக முடித்த கலம் இது என்று ஹான் முதல் படத்தில் பெருமையடிக்கிறான். பார்செக் என்பது காலத்தை அளக்கும் அளவு அன்று. தூரத்தை அளக்கும் அளவு. ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு, அதாவது ஏறத்தாழ 31 லட்சம் கோடி கிலோமீட்டர். ‘நான் சென்னைக்கு நூறு கிலோமீட்டர் வேகமாகப் போனேன்’ என்று சொல்வதைப் போன்ற பிழை இது. கிரிஸ்பின் மூன்றாம் நூலில் இந்தப் பிழைக்கே ஒரு கணக்குப் போட்டுத் தருகிறார். வழியில் கருந்துளைக் கூட்டம் ஒன்று இருக்கிறது. எல்லோரும் அஞ்சி வளைந்து போகும்போது இவன் அதன் ஓரத்தை உரசிப் பறந்து தூரத்தையே குறைத்துவிடுகிறான். “தப்பாகப் போட்ட கணக்கை அழிக்காமல், அதையே சரியாக்கிக் காட்டிவிட்டார்” என்று எங்கள் கணக்குப் புலி அந்த ஆசிரியைக்கு நூற்றுக்கு நூறு போட்டாள். அதே சமயம், இவனைப் பற்றிப் படத்தில் வந்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துப் பட்டியலில் ‘டிக்’ போடுகிறாரே என்ற குறையையும் அவளே சொன்னாள்.

நான்காமவளுக்கு யிலீஸியாப் பகுதியே நூலின் உயிர் என்று பட்டது. ஏமாற்றுபவர்களின் சூழ்ச்சியை இவ்வளவு நுட்பமாக எழுதிய கிரிஸ்பின், 1998இல் விக்டோரியா ஸ்ட்ராஸ் என்ற இன்னோர் எழுத்தாளருடன் சேர்ந்து, புதிய எழுத்தாளர்களிடம் பணம் பறிக்கும் போலிப் பதிப்பகங்களையும் முகவர்களையும் அம்பலப்படுத்தும் முயற்சி ஒன்றைத் தொடங்கி, 2013இல் தாம் மறையும்வரை அதில் உழைத்திருக்கிறார். நம்பி வருகிறவனின் ஆசையைக் கொண்டே அவனைக் கட்டிப்போடலாம் என்பது அவருக்குக் கதையில் மட்டும் தெரிந்த செய்தியன்று.

ஐந்தாமவள் ஒரு பழைய வழக்கைக் கிளப்பினாள். 1977இல் வந்த படத்தில், தன்னைப் பிடிக்க வந்து எதிரே உட்கார்ந்த கிரீடோ என்பவனை ஹான் மேசைக்கு அடியிலிருந்து சுட்டுவிடுகிறான். அந்தப் படம் 1997இல் திருத்தங்களுடன் மீண்டும் திரைக்கு வந்தபோது, கிரீடோ முதலில் சுட்டுக் குறி தவறியதாகவும், பிறகே ஹான் சுட்டதாகவும் காட்சியை மாற்றிவிட்டார்கள். ரசிகர்கள் பலர் கொதித்தார்கள். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. “அதே 1997இல்தான் இந்த நாவலும் வந்திருக்கிறது. படத்தில் அவன் கறையைத் துடைத்தார்கள். நாவலில் அவனைத் திருடனாகவும் பிச்சைக்காரனாகவும் காட்டியும் அவன்மீது அன்பு குறையவில்லை. எது மேல்?” என்று அவள் கேட்டபோது எங்களுக்கு உடனே பதில் தோன்றவில்லை.

ஆறாமவள், அதாவது புத்தகத்தின் சொந்தக்காரி, தன் சித்தப்பாவின் கட்சி. எல்லாம் நன்றாயிருக்கிறது, குறை சொல்கிறவர்கள் எழுதிப் பார்க்கட்டும் என்றாள். ஏழாமவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்டு மாதக் கடைசியில், ஒவ்வொருத்தியும் தன் முடிவைத் துண்டுக் காகிதத்தில் பெயரில்லாமல் எழுதி ஜாமெட்ரி பாக்ஸில் போட வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். கேள்வி ஒன்றே: அவனுடைய பழைய கதை நமக்குத் தேவையா? பிரித்தோம். ஐந்து சீட்டில் ‘தேவையில்லை’; ஒன்றில் ‘தேவை’. ஏழாவது சீட்டில் சின்ன எழுத்தில் வேறு ஏதோ எழுதியிருந்தது. ‘டூலானா செத்துப்போன பக்கத்தை நீங்கள் சீக்கிரமாகப் புரட்டிவிட்டீர்கள்’ என்று இருந்தது.

உண்மைதான். அன்று மணி அடிக்கும் நேரம். பொருள் சொன்னவள் ‘கிழவி செத்துட்டா, இவன் ஓடிட்டான்’ என்று இரண்டே வார்த்தையில் முடித்திருந்தாள். ஆனால் சீட்டைப் படித்தபோது எங்களுக்கு அது உறைக்கவில்லை. விடுதித் தோழி வாய் திறந்துவிட்டாளே என்ற வேடிக்கைதான் முன்னே நின்றது.

இங்கே ஒரு முன்கதையை நாங்களும் சொல்லியாக வேண்டும். ஜூன் மாதம் அவள் புதிதாக வந்தபோது நாங்கள் அவளைக் கேள்விகளால் துளைத்தெடுத்தோம். அப்பா என்ன வேலை? வீடு எங்கே? ஏன் யாரும் பார்க்க வருவதில்லை? தெலுங்கு எப்படி இவ்வளவு நன்றாகப் பேசுகிறாய்? கேட்டது கெட்ட எண்ணத்தால் அல்ல. புதியவள்மேல் உள்ள ஆசையால்தான் என்று அன்று நினைத்தோம். அப்பா துபாயில் என்றாள். இன்னொரு நாள் ரயில்வேயில் என்றாள். அம்மா நெல்லூர்க்காரி, அதனால் தெலுங்கு என்றாள். பிறகு விஜயவாடா என்றாள். முன்னுக்குப் பின் முரணாக அவள் சொன்னதையெல்லாம் நாங்கள் நினைவில் வைத்திருந்தோம். அதுதான் எங்கள் குற்றம்.

சீட்டைப் படித்துவிட்டு எங்களுள் ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள்: “ஏண்டி, உங்க அம்மா நெல்லூரா விஜயவாடாவா? நீயும் விக் டிரேகோ கட்சிதானா?” நாங்கள் எல்லோரும் சிரித்தோம். யார் சொன்னது என்று இங்கே எழுதப்போவதில்லை. சிரித்தவர்கள் ஆறு பேருமே.

அவள் அழவில்லை. தட்டை மூடினாள். “நீங்க எல்லாரும் சின்ன வயசு போட்டோ வெச்சிருக்கீங்க. அதனாலதான் உங்களுக்குப் பழைய கதை தேவையில்லை” என்றாள். எழுந்து போய்விட்டாள். மறுநாளிலிருந்து விடுதிப் பிள்ளைகளுடன் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அதன்பின் இரண்டு வாரம் வேப்பமரத்தடியில் ஒரு பக்கமும் நகரவில்லை. எடுத்தால் யாருக்கும் குரல் வரவில்லை. ஒரு நாள் புத்தகத்துக்கு உரியவளே முன்வந்து அந்தப் பழைய பக்கத்தைப் பிரித்தாள். இம்முறை ஒரு சொல்லும் விடாமல் படித்தோம், அகராதி பார்த்தோம். உயிர் போகும் நேரத்திலும் அந்தக் கிழவி அவனைப் ‘போ, போ’ என்றுதான் துரத்துகிறாள். தன்னை எண்ணி அவன் தங்கிவிடக் கூடாதே என்பது ஒன்றே அவள் கவலை. வளர்த்த பிள்ளை பிழைக்க வேண்டும் என்று நினைக்கிற எந்தத் தாயும் அப்படித்தான் செய்வாள். இதையா இரண்டு வார்த்தையில் முடித்தோம் என்று வெட்கினோம்.

மன்னிப்புக் கேட்பது எப்படி என்று ஆளுக்கொரு யோசனை சொன்னோம். கடைசியில் கணக்குப் புலி ஒருத்தியே மூன்று புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு விடுதி வராந்தாவுக்குப் போனாள். “நாங்க அப்படிச் சிரிச்சிருக்கக் கூடாது. இனிமே உன்னை எதுவும் கேட்க மாட்டோம். நீ படிச்சு முடிச்சதும் எங்களுக்குச் சொல்லு” என்று கொடுத்துவிட்டு வந்தாள். அந்த முதல் நூலை அவள் எங்களுக்கு முன்பே, சொந்தக்காரியிடம் ஒரு சனி ஞாயிறு கேட்டு வாங்கி, முழுதும் படித்து முடித்திருந்தாள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

காலாண்டு விடுமுறை முடிந்த முதல் நாள், அவள் சாப்பாட்டுத் தட்டோடு வேப்பமரத்தடிக்கு வந்தாள். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அவளே மீதிக் கதையைச் சொல்லத் தொடங்கினாள். நாங்கள் அறிந்திராத சரளம் அவளுக்கு இருந்தது.

இரண்டாம் நூலில் ஹான் பேரரசின் அதிகாரியாக இருந்தவன், அடிமைப்பட்ட ஒரு வூக்கியைக் காப்பாற்றியதற்காகவே பதவி இழக்கிறான். அந்த வூக்கிதான் சூபாக்கா. சூபாக்காவின் உறுமல் அவனுக்குப் புரிவது டூலானாவின் மடியில் கேட்டு வளர்ந்ததால். மூன்றாம் நூலில் அவன் லாண்டோ என்ற நண்பனிடமிருந்து சீட்டாட்டத்தில் ஃபால்கனை வெல்கிறான். பிரியா பரவசத்தின் பிடியிலிருந்து தன்னைத் தானே விடுவித்துக்கொண்டு, பேரரசை எதிர்க்கும் படையில் தலைவியாகி, யிலீஸியாவின் அடிமைகளை விடுவிக்கத் திரும்புகிறாள். அங்கே கிடைத்த செல்வம் முழுவதையும் போராட்டத்துக்கென்று எடுத்துக்கொண்டு ஹானையும் அவன் நண்பர்களையும் வெறுங்கையோடு விட்டுவிடுகிறாள். பிறகு, பகைவரின் பேராயுதத்தின் வரைபடம் தன் படையைச் சேர வேண்டும் என்பதற்காகப் போரிட்டு உயிர்விடுகிறாள். காசு இல்லாமல் ஒரு காரியமும் செய்யமாட்டேன் என்று மதுக்கடையில் அவன் ஏன் அப்படிப் பேசினான் என்பது எங்களுக்கு இப்போது விளங்கியது. அவன் பேராசைக்காரன் இல்லை. ஒரு முறை நம்பி நொந்தவன்.

சொல்லி முடித்துவிட்டு அவள் சற்று நேரம் சும்மா இருந்தாள். பிறகு, “எனக்குத் தெலுங்கு எப்படித் தெரியும்னு கேட்டீங்களே” என்றாள். அவள் வளர்ந்தது ஓர் இல்லத்தில். அங்கே சமையல் செய்த வயதான அம்மா நெல்லூர்ப் பக்கம். பிள்ளைகளெல்லாம் அவரை ‘அவ்வா’ என்று கூப்பிடுவார்கள். அடுப்படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தே தெலுங்கு வந்துவிட்டதாம். அவள் ஆறாம் வகுப்பில் இருக்கும்போது அவ்வா இறந்துபோனார். அவரைப் பற்றி யாரிடமும் பேசினதில்லை என்றாள். பேசினால் ‘சமையல்காரிதானே’ என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள் என்ற பயம். “அம்மா நெல்லூர்னு சொன்னது முழுப் பொய் இல்லை” என்று சொல்லி லேசாகச் சிரித்தாள். நாங்கள் அன்று அவளை வேறொன்றும் கேட்கவில்லை. ஒருத்தி தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

இத்துடன் கதை முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. புத்தகத்தின் சொந்தக்காரி சித்தப்பாவிடம் கேட்டு ஒரு செய்தி கொண்டுவந்தாள். ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களின் உரிமையுள்ள லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தை 2012இல் டிஸ்னி நிறுவனம் வாங்கிவிட்டது. புதிய படங்கள் எடுக்க வசதியாக, அதுவரை வந்த நாவல்களெல்லாம் ‘லெஜண்ட்ஸ்’, அதாவது பழங்கதைகள், இனி அவை அதிகாரபூர்வ வரலாறு அல்ல என்று 2014 ஏப்ரலில் அறிவித்துவிட்டார்கள். 2018இல் ‘ஸோலோ’ என்ற படம் வந்தது. அதில் அவனுக்கு வேறொரு பிள்ளைப் பருவம், வேறொரு காதலி. உனக்கு யார் உண்டு என்று படையில் ஆள் சேர்க்கும் அதிகாரி கேட்க, யாரும் இல்லை என்று அவன் சொல்ல, அந்த அதிகாரியே ஸோலோ என்று பெயரெழுதிக்கொள்கிறான்.

“அப்போ டூலானா?” என்று கேட்டாள் விடுதித் தோழி. புதிய படத்தில் டூலானா இல்லை. அவள் முகம் வாடிவிட்டது. ஒரு கம்பெனி கடிதம் போட்டு ஒருத்தன் பிள்ளைப் பருவத்தையே இல்லை என்று சொல்லிவிட முடியுமா என்று எங்களுக்கும் கோபம் வந்தது. கணக்குப் புலிதான் ஆறுதல் சொன்னாள்: “புத்தகம் உன் கையில் இருக்கிறதே. அழித்துவிட்டால் எப்படிப் படித்தாய்?” முதலாமவள், ரகசியமே அழகு என்றவள், தன் கட்சியை விடாமலே ஓர் அடி இறங்கி வந்தாள். “அந்தப் பெயரை அதிகாரி எழுதிக்கொடுத்தான் என்பதைவிட, வளர்த்தவள் சொன்னாள் என்பதுதான் எனக்கும் பிடித்திருக்கிறது” என்றாள்.

இன்றும் எங்கள் ஏழு பேருக்குள் ஒருமித்த கருத்து இல்லை. கதை நீளம் என்கிறாள் ஒருத்தி. அந்தப் பத்தாண்டை அடுக்கடுக்காக நிரப்பி, பிரயன் டேலியின் சாகசங்கள் நடந்த காலத்துக்கும் நடுவே இடம் விட்டுவைத்த பொறுமையே பொறுமை என்கிறாள் இன்னொருத்தி. பிரியா செல்வத்தை எடுத்துக்கொண்டது சரியா தவறா என்று ஒரு பட்டிமன்றமே வைக்கலாம். மதிப்பெண் போட்டால் ஐம்பதிலிருந்து தொண்ணூறுவரை வரும். அது அப்படியே இருக்கட்டும். ஒரே புத்தகத்தை ஏழு பேர் படித்தால் ஏழு புத்தகம் ஆகிவிடுகிறது என்பதை இவ்வாண்டு கற்றுக்கொண்டோம்.

ஆனால் ஜாமெட்ரி பாக்ஸில் போட்ட அந்தக் கேள்வியை மட்டும் மாற்றிக்கொண்டோம். அவன் பழைய கதை நமக்குத் தேவையா என்று கேட்டது பிழை. அது நமக்காக இருக்கும் கதையே அன்று. கிரிஸ்பின் அந்தக் கடத்தல்காரனின் மூலத்தைத் தேடிப்போனது அவன் குட்டை உடைக்க அல்ல; அவனை வளர்த்தவளுக்கு ஒரு பெயர் கொடுக்க. நாங்கள் ஜூன் மாதம் எங்கள் தோழியிடம் கேட்ட கேள்விகளில் அந்த அன்பு இருந்ததா என்று எங்களையே கேட்டுப் பார்த்தோம். இல்லை என்றுதான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தோழியரே, ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நம் வகுப்புகளுக்குப் புதியவர்கள் வருவார்கள். சிலர் சொல்லும் விவரங்கள் முன்னுக்குப் பின் ஒத்துவராமல் இருக்கலாம். அதை எண்ணிவைக்காதீர்கள். வேப்பமரத்தடியில் நகர்ந்து அவளுக்கும் இடம் கொடுங்கள். சொல்ல வேண்டிய நாளில் அவளே சொல்லுவாள். அன்றைக்கு மணி அடித்தாலும் பக்கத்தைச் சீக்கிரமாகப் புரட்டிவிடாதீர்கள்.